ஸ்டார்டியூ வேலி: இதில் ஓய்வு எங்கே இருக்கிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி:

வேலை முடிந்து வந்தால் மூளைக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்றுதான் கையடக்கக் கன்சோலில் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை ஆட்டத்தை வாங்கினேன். மனசு லேசாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ ஆட்டத்தில் காலை 6 மணி அடித்ததுமே பதற்றம் தொடங்கிவிடுகிறது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் பாதிக் காலை போய்விடும். விதை வாங்க ஓடினால் புதன்கிழமை, கடை பூட்டியிருக்கிறது. சுரங்கத்துக்குள் போனால் நேரம் தெரிவதில்லை, இரவு 2 மணிக்கு மயங்கி விழுகிறேன். அலுவலகத்தில்கூட இப்படி ஓடியதில்லை. இதில் ஓய்வு எங்கே இருக்கிறது? நான்தான் தவறாக ஆடுகிறேனா?

ஜனவரி 11, 2025

தவறாகத்தான் ஆடுகிறீர்கள். இந்த ஆட்டத்தில் தோற்பதற்கு வழியே கிடையாது. மயங்கி விழுந்தால் கையிலிருக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போகும், அதுவும் 1000-க்கு மேல் போகாது. மறுநாள் கொஞ்சம் சோர்வாக எழுந்திருப்பீர்கள். அவ்வளவுதான் தண்டனை. யார் உங்களை விரட்டுகிறார்கள்? மெதுவாக ஆடுங்கள். தண்ணீர் ஊற்றுவதை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள், செடி காய்ந்துவிடும். மற்றதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

ஜனவரி 12

மேலே எழுதியதில் பிழை இருக்கிறது. தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி காயாது என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வளராது, நேற்று இருந்தபடியே நிற்கும். மறுநாள் ஊற்றினால் விட்ட இடத்திலிருந்து வளரும். பருவம் மாறினால்தான் சாகும்.

நான் 200 மணி நேரத்துக்கு மேல் ஆடியவன். இத்தனை நாளும் காய்ந்துவிடும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஏன் தெரியுமா? ஒரு நாள்கூட ஊற்றாமல் விட்டுப் பார்த்ததில்லை.

ஜனவரி 12, இரவு

அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களை யார் விரட்டுகிறார்கள் என்று நேற்று மிடுக்காகக் கேட்டுவிட்டேன். அதே கேள்வி இப்போது என்னைப் பார்த்து நிற்கிறது.

ஜனவரி 14

கடிகாரத்தில் இருந்து தொடங்குவோம். ஆட்டத்தின் 10 நிமிடம் என்பது நம் உலகில் ஏறத்தாழ 7 விநாடி. காலை 6 முதல் இரவு 2 வரை 20 மணி நேரம், அதாவது 120 பத்து நிமிடங்கள். பெருக்கிப் பார்த்தால் 840 விநாடி, 14 நிமிடம். ஒரு பருவத்துக்கு 28 நாள் என்றால் ஆறரை மணி நேரம். நாலு பருவம் சேர்ந்த ஓர் ஆண்டுக்கு 26 மணி நேரம். தனியாக ஆடும்போது மெனுவைத் திறந்தால் கடிகாரம் நின்றுவிடும் என்பதால் உண்மையில் இன்னும் கூடும். பையை அடுக்குவதிலேயே பாதி வாழ்க்கையைக் கழிப்பவன் நான். என் முதல் ஆண்டு நாற்பது மணி நேரத்தைத் தாண்டியது.

இந்த 14 நிமிடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரிய திரை முன்னால் ஆடுபவர் அதற்கென்று நேரம் ஒதுக்கி உட்காருகிறார். கையில் வைத்து ஆடுபவருக்கு அப்படி ஒரு நேரமே தேவையில்லை. ரயிலுக்குக் காத்திருக்கும் இடைவெளி, மருத்துவர் கூப்பிடும் வரை உட்கார்ந்திருக்கும் நாற்காலி, தூக்கம் வராமல் புரளும் படுக்கை, எல்லாவற்றிலும் ஒரு நாள் கச்சிதமாகப் பொருந்துகிறது. முன்பு அந்த இடைவெளிகளில் சும்மா இருப்பேன். இப்போது அங்கேயும் பார்ஸ்னிப் கிழங்கு பயிரிடுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. கட்டிலில் படுத்தால்தான் ஆட்டம் சேவ் ஆகும். படுத்ததும் அன்றைய விற்பனைக் கணக்கு வருகிறது. உடனே மறுநாள் காலை 6 மணி. தபால்பெட்டியில் கடிதம் இருக்கும், நேற்று வெறும் மண்ணாக இருந்த இடத்தில் முளை எட்டிப் பார்க்கும். நிறுத்துவதற்குப் பாதுகாப்பான ஒரே இடம் எதுவோ அங்கேதான் புதிதாக ஏதோ தொடங்கி வைத்திருக்கிறார்கள். கீழே வைக்க மனம் வருமா? இன்னும் ஒரே ஒரு நாள் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு இரவு ஒரு மணி ஆகும். ஆட்டத்தில் இல்லை, வீட்டுக் கடிகாரத்தில்.

ஜனவரி 15

நடுவில் நிறுத்த ஸ்லீப் மோட் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. என் கதையைக் கேளுங்கள்.

வசந்த காலம், மழை நாள். மலை ஏரியில் லெஜன்ட் என்ற மீன் அப்போது மட்டும்தான் வரும். மீன்பிடித் திறன் 10-ஆம் நிலையை எட்டியிருக்க வேண்டும். ஒன்பது முறை அறுத்துக்கொண்டு போய், பத்தாவது முறை பிடித்தேன். கட்டை விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படியே ஸ்லீப் மோடில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். மகள் வந்து வேறோர் ஆட்டத்தைத் திறந்தாள். ஏற்கெனவே ஓடும் ஆட்டத்தை மூடட்டுமா என்று கன்சோல் ஒழுங்காகக் கேட்டது. அவள் என்னிடம் நீட்டி, "அப்பா, இது ஏதோ கேக்குது" என்றாள். நான்தான் பழக்கத்தில் ஏ பொத்தானை அழுத்தினேன். மகளைத் திட்டக்கூட வழியில்லை.

மறுபடி அதே நாள், காலை 6 மணி, அதே மழை. நாள் முழுக்க ஏரிக்கரையில் நின்றேன். மீன் வரவில்லை. கைபேசிப் பதிப்பில் நாளின் நடுவில் விட்டுவிட்டுத் திரும்பி வரலாம். கன்சோலில் கட்டில்தான்.

ஜனவரி 18

மீன்பிடிப்பு பற்றி ஒருவர் கேட்டதால் சுருக்கமாக: மீன் மாட்டியதும் திரையில் வரும் பச்சைப் பட்டையைத் தூக்கப் பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள், விட்டு விட்டுத் தட்டுங்கள். தொடக்கத்தில் 25-க்குப் பயிற்சித் தூண்டில் கிடைக்கும். சாதாரண மீன்தான் மாட்டும், ஆனால் பட்டை பெரிதாக இருக்கும். அப்புறமும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், மீன் பிடிக்காமலும் பண்ணை நடக்கும். (எனக்கு அப்படி விட முடியவில்லை என்பது மேலே எழுதியதிலேயே தெரிந்திருக்கும்.)

ஜனவரி 19

நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆட்டத்துக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இருப்பது: பார்ஸ்னிப் விதை 20, நாலு நாள், விலை 35. உருளைக்கிழங்கு விதை 50, ஆறு நாள், விலை 80. காலிபிளவர் விதை 80, 12 நாள், விலை 175. நாளொன்றுக்கு லாபம் பார்த்தால் பார்ஸ்னிப்புக்கு 4-க்கும் குறைவு, உருளைக்கு 5, காலிபிளவருக்கு ஏறக்குறைய 8. ஆனால் காலிபிளவருக்குப் பணம் 12 நாள் மண்ணுக்குள் முடங்கும். முதல் வாரத்தில் கையில் 500-தான் இருக்கும். எனவே உருளை. இப்படிப் போகும்.

ஸ்ட்ராபெரிக்கு மட்டும் மூன்று பக்கம். வசந்தம் 13-ஆம் தேதி முட்டைத் திருவிழா. அங்கேதான் அந்த விதை, ஒன்று 100. நட்ட எட்டாம் நாள் முதல் பறிப்பு, பிறகு நாலு நாளைக்கு ஒரு முறை. பழம் 120. முதல் ஆண்டில் என்ன செய்தேன் தெரியுமா? திருவிழா முடிந்து வீடு திரும்பும்போது இரவு 10 மணி. அந்த இருட்டில் மண் கொத்தி, முப்பது விதை நட்டு, ஏரிக்கும் வயலுக்குமாக ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றி, கட்டிலுக்கு இரண்டு அடி முன்னால் மயங்கி விழுந்தேன். ஒரு நாளைக்கூட இழக்கக் கூடாதாம்.

பிறகு ஒருநாள் நிதானமாக விரல் விட்டு எண்ணினேன். 13-இல் நட்டால் 21, 25 என்று இரண்டு பறிப்பு. 14-இல் நட்டால் 22, 26. அப்போதும் இரண்டுதான். 16-இல் நட்டால்கூட 24, 28. மூன்று நாள் தூங்கிவிட்டு நட்டிருந்தாலும் அதே பழம், அதே பணம்! அந்த இரவு ஓட்டம் முழுவதும் வீண்.

அதைவிடக் கொடுமை, விதையை நடாமல் பெட்டியில் வைத்திருந்து அடுத்த வசந்தம் 1-ஆம் தேதி நட்டால் 9, 13, 17, 21, 25 என்று ஐந்து பறிப்பு. விதைக்கு 600. சும்மா வைத்திருந்தவனுக்குத்தான் லாபம் கூடுதல்.

ஜனவரி 19, பின்னர்

மேலே 28-ஆம் தேதி பறிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பருவத்தின் கடைசி நாள் அது. அன்று பறிக்க மறந்தால் மறுநாள் காலை வயல் முழுக்கக் கருகிய குச்சிதான் இருக்கும். எனக்கு நடந்ததா என்று கேட்காதீர்கள்.

ஜனவரி 23

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "உங்களுக்கும் என் நோய்தான் போலிருக்கிறது." ஆமாம்.

ஜனவரி 25

அப்பா வந்திருக்கிறார். நாற்பது ஆண்டு உழுதவர். மாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். புளுபெரி பறித்து விற்பனைப் பெட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு போட்டிருக்கே?"

"நூத்தி எண்பதுப்பா."

"ஒரே நாள்ல அவ்வளவு கொண்டுபோய்க் கொட்டினா வெல விழுந்துடாது?"

விழாது என்றேன். ஒன்று போட்டாலும் பத்தாயிரம் போட்டாலும் ஒரு பழம் 50. இரவு யாரோ வந்து எடுத்துப் போவார்கள், காலையில் பணம் வந்துவிடும். எடை போடும் ஆள் கிடையாது, தரகர் கிடையாது, பாக்கி சொல்பவர் கிடையாது. நாளைக்கு மழையா வெயிலா என்று தொலைக்காட்சி சொல்லும், சொன்னபடியே நடக்கும்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நல்ல ஊருடா. எங்க இருக்கு?" என்றார்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். நான் நோட்டு வைத்துக் கணக்குப் போடுவதைக் காட்டினேன். வாங்கிப் புரட்டினார். வேர்ப்புழு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். இல்லையப்பா, இதில் பூச்சியே கிடையாது என்றேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 26

எனக்குத் தோன்றுவது இதுதான். இந்த ஆட்டத்தில் பதற்றம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் போட்ட கணக்கு பலிக்கும். நம் வேலையில் எத்தனை துல்லியமாகத் திட்டமிட்டாலும் நடுவில் ஒருவர் விடுப்பில் போவார், ஒருவர் மனம் மாறுவார், நாம் செய்தது ஒன்றாகவும் வந்து நிற்பது வேறாகவும் இருக்கும். இங்கே 13 நாள் என்றால் 13 நாள். உடம்பு களைத்தாலும் மனம் களைக்காததற்குக் காரணம் அதுவோ என்னவோ. முதல் நாள் எழுதிய "மெதுவாக ஆடுங்கள்" என்பதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

ஜனவரி 27

மூன்று திருத்தங்கள் வந்திருக்கின்றன, மூன்றுமே சரி.

இழப்பே இல்லை என்பதுபோல் எழுதிவிட்டேன். காகம் இருக்கிறது. ஆனால் வயலில் 16 பயிராவது இருந்தால்தான் வரும். ஆட்டம் தொடங்கும்போது கையில் கொடுப்பது 15 பார்ஸ்னிப் விதை! அந்த ஒரு விதையைக் குறைத்து வைத்த மனசை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதற்குமேல் நடுவதானால் சோளக்கொல்லை பொம்மை ஒன்று வையுங்கள், சுற்றி எட்டுக் கட்டம் வரை காக்கும்.

இடிமழையில் மின்னல் பயிரை எரிக்கும். இடிதாங்கி வைத்தால் அது வாங்கிக்கொண்டு மின்கலமாகத் திருப்பித் தரும்.

மூன்றாவது முக்கியமானது. விலை மாறாது என்றேன். விற்கும் விலைதான் மாறாது. தச்சரிடம் வாங்கும் மரம் முதல் ஆண்டில் 10, இரண்டாம் ஆண்டிலிருந்து 50. கல் 20-இல் இருந்து 100. இதை அப்பாவிடம் சொன்னேன். மனிதர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "வாங்கறது ஏறும், விக்கறது ஏறாது. அப்ப அது நெசமான ஊருதான்" என்றார்.

ஜனவரி 27, இரவு

இதையும் எழுதிவிடுகிறேன். பழத்தைப் பீப்பாயில் போட்டால் ஒயின், மூன்று மடங்கு விலை. ஜாடியில் போட்டால் ஜாம், இரண்டு மடங்கோடு 50 கூடுதல். புளுபெரிக்கு இரண்டும் 150-தான் வரும், ஜாம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும், ஒயினுக்கு ஒரு வாரம் ஆகும். எனவே 50-க்குக் கீழே ஜாடி, மேலே பீப்பாய். என் கொட்டகையில் இப்போது பசு இல்லை, வரிசையாகப் பீப்பாய்தான்.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழச்சு கடைசில சாராயமா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 2

பழைய ஆட்டக்காரர் ஒருவர், "இதெல்லாம் ஒரு பதற்றமா, அந்தக் காலத்து ஹார்வெஸ்ட் மூன் ஆடியிருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். முதல் ஆட்டம் 1996-இல் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்தது. உருவாக்கியவர் யாசுஹிரோ வாடா. அடுத்த ஆண்டே கேம் பாய் என்ற கையடக்கக் கன்சோலுக்கும் வந்துவிட்டது. ஆக, பண்ணையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. 2003-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மினரல் டவுனை நான் ஆடியிருக்கிறேன். அதில் கவனிக்காமல் விட்டால் மாட்டுக்கு நோய் வரும், செத்தும் போகும். என் முதல் மாடு அப்படித்தான் போயிற்று. இரண்டு வாரம் அந்த ஆட்டத்தைத் தொடவில்லை.

எரிக் பரோன் அந்த ஆட்டங்களில் ஊறியவர். ஓவியம், இசை, நிரல் எல்லாவற்றையும் ஏறத்தாழ நாலரை ஆண்டு தனியாகவே செய்து 2016 பிப்ரவரியில் ஸ்டார்டியூவைக் கணினிக்குக் கொண்டுவந்தார். இதில் தீனி போடாவிட்டால் கோழியும் மாடும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், முட்டையும் பாலும் நின்றுபோகும், பட்டினியால் சாகாது. இரவில் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினால் மட்டும் ஆபத்து உண்டு. செடியும் தாகத்தால் சாகாது. மன்னிக்கத் தெரிந்த பண்ணை. நான்தான் பழைய மாட்டின் சாவை இங்கே கொண்டுவந்துவிட்டேன் போலிருக்கிறது. ஜனவரி 12-இல் கேட்ட கேள்விக்கு இது பாதி பதிலாவது ஆகுமா?

பிப்ரவரி 4

இல்லை, அது சும்மா அழகுக்காக எழுதியது. மாடு செத்தது இருபது ஆண்டுக்கு முன். நோட்டு வாங்கியது போன ஆண்டு.

பிப்ரவரி 8

கன்சோலில் மட்டும் வரும் தொல்லைகளைக் கேட்டிருந்தீர்கள்.

கணினியில் சுட்டி எந்தக் கட்டத்தைக் காட்டுகிறதோ அங்கே மண்வெட்டி விழும். இங்கே ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தக் கட்டம். கொஞ்சம் திரும்பி நின்றால் போச்சு, பிக்காசு நேராகப் பழுக்கும் தறுவாயில் இருக்கும் முலாம்பழத்தின் மேல். கருவி விழும் கட்டத்தை எப்போதும் காட்டும்படி அமைப்புகளில் ஒரு தேர்வு இருக்கிறது. முதல் நாளே அதைப் போடுங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் திரையைப் பெரிதாக்கவும் அங்கேயே வழி உண்டு.

அடுத்தது, கையில் பொருளோடு ஒருவரிடம் பேசப் போனால் பேச்சு வராது, பரிசாகப் போய்விடும். தூண்டிலில் மாட்டிய நனைந்த செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி கொல்லரிடம் போய் நின்றேன். வாங்கிக்கொண்டார். அந்த முகம்! ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு பரிசுதான் கொடுக்க முடியும். அதில் ஒன்று குப்பையில் போயிற்று.

என் இடது ஜாய்ஸ்டிக் இப்போது தானாகவே மேற்கே இழுக்கிறது. விதைக்கும்போது ஆள் மெல்ல நகர்ந்து நகர்ந்து குளத்தை நோக்கிப் போகிறார். பிடித்து இழுத்து வர வேண்டியிருக்கிறது. வயல் வரிசை கோணலாக இருக்கிறதே என்று கேட்டவருக்கு இதுதான் பதில். கலைநயம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 15

ஒரு சோதனை செய்து பார்த்தேன். புதுப் பண்ணை, நோட்டு இல்லை, எந்தக் குறிப்பையும் பார்ப்பதில்லை, மனம் போனபடி. "மெதுவாக ஆடுங்கள்" என்று சொன்னவன் ஒரு முறையாவது அப்படி ஆட வேண்டாமா?

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. கடற்கரையில் சங்கு பொறுக்கினேன். மலையில் கூடாரம் போட்டு வசிக்கும் லைனஸ் என்ன சொல்கிறார் என்று முதல் முறையாக முழுதும் படித்தேன். பழைய பண்ணையில் அவர் எனக்குக் காட்டுப் பழம் வாங்கிக்கொள்ளும் ஓர் ஆள், அவ்வளவுதான். மழை நாளில் ஊரின் ஒலியே மாறிவிடுவதை இப்போதுதான் கவனித்தேன்.

இரண்டாம் வாரம், சரி.

18-ஆம் தேதி கொட்டாவி வந்தது. பையில் கொஞ்சம் சங்கு, வயலில் ஏழெட்டுச் செடி, கையில் 900 பணம். காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை. கன்சோலைக் கீழே வைத்துவிட்டேன், தானாகவே. "இன்னும் ஒரு நாள்" என்று தோன்றவேயில்லை.

மறுநாள் பழைய பண்ணையைத் திறந்தேன். நோட்டோடு.

பிப்ரவரி 16

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் எங்களைப் போன்றோர் ஆடுவது சுவையற்ற ஆட்டமா?" என்று ஒருவர் கோபித்திருக்கிறார். மூன்று ஆண்டாகப் பூச்செடி மட்டும் வைத்திருக்கிறாராம், தெளிப்பான்கூடக் கிடையாதாம். அப்படிச் சொல்லவில்லை ஐயா. எனக்கு வரவில்லை என்றுதான் சொன்னேன். உங்களுக்கு அது வருகிறது, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் லைனஸ் பேச்சை இப்போது நோட்டுப் பண்ணையிலும் நின்று படிக்கிறேன். 14 நிமிடத்தில் 20 விநாடி. கணக்கில் எழுதவில்லை.

பிப்ரவரி 22

தாத்தா. ஆட்டத்தில் இந்தப் பண்ணையை நமக்கு விட்டுப்போனவர். எப்படி மறந்தேன்?

மூன்றாம் ஆண்டு வசந்தம் 1-ஆம் தேதி தாத்தாவின் ஆவி வந்து பண்ணையை மதிப்பிடும். நாலு மெழுகுவத்தி எரிந்தால் முழு மதிப்பெண். என் நோட்டின் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பதே அதுதான்: "2 ஆண்டு. 224 நாள்." என் ஓட்டம் முழுவதும் அந்தத் தேதியை வைத்துத்தான். பல வகைப் பொருள்களைச் சேர்த்துக் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டிய சமூகக் கூடத்தை முடிக்க ஒரு சிவப்பு முட்டைக்கோஸ் குறைகிறது என்று முதல் ஆண்டு முழுக்க வெள்ளியும் ஞாயிறும் நாடோடி வணிகரின் வண்டியைத் தேடி ஓடினேன். இரண்டாம் ஆண்டில் ஊர் விதைக்கடைக்காரர் பியரின் கடையிலேயே அதன் விதை வருகிறது என்பது அப்போது தெரியாது.

தாத்தா வந்தார். மூன்று மெழுகுவத்தி. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை, நிஜமாக.

அப்புறம்தான் தெரிந்தது. அவர் நினைவிடத்தில் ஒரு வைரத்தை வைத்தால் மறுபடி வந்து மதிப்பிடுவார். எத்தனை முறை வேண்டுமானாலும். அதாவது கெடு என்று எதுவுமே இருக்கவில்லை. சுரங்கத்தில் கிடைத்த வைரங்கள் அப்போது என் பெட்டியில் நாலு கிடந்தன.

பிப்ரவரி 22, சற்றுப் பின்

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் இரண்டாம் ஆண்டின் நடுவில் இருப்பதாகச் சொன்னதாக நினைவு. வைரம் கிடைத்தால் விற்காமல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 1

பூவாளியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், எப்போது கொல்லரிடம் கொடுப்பது என்று. மேம்படுத்த இரண்டு நாள் ஆகும், அதுவரை கையில் பூவாளி இருக்காது. முறையான பதில்: தொலைக்காட்சியில் நாளை மழை என்று வந்தால், இன்று காலை ஊற்றிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். மழை நாள் கழியும், அதற்கு மறுநாள் வாங்கி வந்து ஊற்றலாம். ஒரு நாளும் வீணாகாது. நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். மழைக்காக ஒன்பது நாள் காத்திருந்ததும் உண்டு.

மார்ச் 2

இலையுதிர் காலம், 17-ஆம் தேதி. வயலில் 13-இல் நட்ட பூசணி. நாளை வெயில் என்று தொலைக்காட்சி சொன்னது. ரயில் வருவதற்கு ஐந்து நிமிடம் இருந்தது. தண்ணீர் ஊற்றாமல் நேராகக் கொல்லரிடம் போய்ப் பூவாளியைக் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்து வயலோரம் கொஞ்சம் நின்றேன். மண் வெளிறிக் கிடந்தது. செடிகள் அப்படியே நின்றன, யாரும் சாகவில்லை.

பூசணிக்கு 13 நாள், 26-இல் வர வேண்டியது. இரண்டு நாள் போனால் 28. பருவத்தின் கடைசி நாள்.

வந்துவிடும். எண்ணிப் பார்த்துவிட்டேன், இரண்டு முறை.